சிறிய வீட்டில் நறுமண எண்ணெய்கள்: கைக்குழந்தையும் ஆஸ்துமா உள்ள பெரியவரும் இருக்கும்போது எதைத் தவிர்க்க வேண்டும்?

கேள்வி: தண்டையார்பேட்டை வாசகி

அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் ஒரு படுக்கையறையும் சிறு கூடமும் கொண்ட வாடகை வீட்டில் நாங்கள் ஐந்து பேர் இருக்கிறோம். இளையவனுக்கு ஒன்றரை வயது. மூத்தவள் இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். என் மாமியாருக்கு நெடுநாளாக ஆஸ்துமா உண்டு. இதய வால்வு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் என்பதால் இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையும் அன்றாடம் எடுத்துக்கொள்கிறார்.

அண்மையில் உறவினர் ஒருவர் ஊட்டிக்குச் சென்று திரும்பியபோது யூகலிப்டஸ் தைலம், விண்டர்கிரீன் தைலம், எலுமிச்சைப்புல் தைலம் ஆகியவற்றை வாங்கி வந்து கொடுத்தார். என் கணவர் தம் பங்குக்கு, எண்ணெயின் மணத்தை அறைக் காற்றில் பரப்பும் ஒரு டிஃப்யூசரும், லாவெண்டர், புதினா, டீ ட்ரீ எண்ணெய்கள் அடங்கிய ஒரு பெட்டியும் இணையத்தில் வாங்கியிருக்கிறார். மழைக்காலத்தில் சன்னல்களைச் சாத்தியே வைப்பதால் வீட்டில் முடை நாற்றம் தங்கிவிடுகிறது. கால்வாய் அருகில் இருப்பதால் கொசுவும் மிகுதி. இவ்விரண்டுக்கும் இந்த எண்ணெய்கள் உதவும் என்று நினைத்தோம். ஆனால் பாட்டில்களின் மேல் 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்ற ஒரு வரியைத் தவிர வேறு விவரம் எதுவும் இல்லை.

குழந்தைக்குச் சளி பிடிக்கும்போது யூகலிப்டஸ் தைலத்தை நெஞ்சிலோ தலையணையிலோ இரண்டு சொட்டு விடலாமா? மாமியாரின் முழங்கால் வலிக்கு விண்டர்கிரீன் தைலத்தை அப்படியே தேய்க்கலாமா? இரவு முழுவதும் டிஃப்யூசரை ஓடவிடலாமா? தீர்ந்துபோன கொசுவிரட்டி லிக்விட் பாட்டிலில் வேப்பெண்ணெய், கற்பூரம், யூகலிப்டஸ் தைலம் கலந்து ஊற்றி மீண்டும் பயன்படுத்தலாம் என்று பல காணொளிகளில் சொல்கிறார்களே, அது சரியா? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன். அதுவரை எதையும் திறக்கப்போவதில்லை.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற மருந்தாளுநர், பெரம்பூர்

சகோதரி, உங்கள் வீட்டில் இருப்பவர்களின் நிலையை முதலிலேயே எழுதியது மிகவும் நல்லது. ஒரே எண்ணெய் ஒருவருக்குத் தீங்கில்லாமலும் அடுத்தவருக்கு ஆபத்தாகவும் இருக்கக்கூடும் என்பதால், யார் என்று தெரியாமல் யோசனை சொல்வது பொறுப்பற்ற செயல்.

எல்லாவற்றுக்கும் முன்பாக விண்டர்கிரீன் தைலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதில் ஏறத்தாழ முழுவதும் இருப்பது மெத்தில் சாலிசிலேட் என்னும் வேதிப்பொருள். ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது. கலப்படமில்லாத தைலத்தில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி., சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். 325 மி.கி. மாத்திரைகளாகக் கணக்கிட்டால் இருபதுக்கும் மேல் வரும். ஒன்றரை வயதுக் குழந்தை அதில் ஒரு வாய் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. உங்கள் மாமியாருக்கோ அதை விழுங்க வேண்டிய தேவைகூட இல்லை. தோலில் தேய்த்தாலே அது உடலுக்குள் உறிஞ்சப்பட்டு வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி, இரத்தம் உறையும் தன்மையை மேலும் குறைத்துவிடும். வலிநிவாரணக் களிம்புகளை அளவின்றித் தேய்த்துக்கொண்ட வார்ஃபரின் நோயாளிகளுக்கு ஐ.என்.ஆர். அளவு (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் பரிசோதனை அளவு) ஏறி இரத்தக்கசிவு ஏற்பட்டதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின் வகைப் பொருள்கள் மூச்சிறைப்பைத் தூண்டுவதும் உண்டு. ஆகவே உங்கள் வீட்டில் அந்தப் பாட்டிலுக்கு இடமே இல்லை. கடைகளில் விற்கும் பல வலி தைலங்களிலும் இதே பொருள் இருப்பதால், மாமியாருக்கு எந்தக் களிம்பை வாங்கும் முன்னும் அட்டையில் அச்சிட்டிருக்கும் பொருள்களைப் படித்துப் பாருங்கள், அடுத்த ஐ.என்.ஆர். பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, குழந்தையின் சளி. யூகலிப்டஸ் தைலத்தின் பெரும்பகுதி சினியோல் என்ற பொருள். சில மி.லி. வயிற்றுக்குள் போனாலே சிறு குழந்தைகளுக்குத் தூக்கக்கலக்கமும் வாந்தியும் தொடங்கி வலிப்பு வரை போகக்கூடும். கற்பூரம் இதைவிடவும் கடுமையானது. ஒரு கிராம் அளவே சிறு குழந்தையின் உயிரைப் பறிக்கப் போதும். விழுங்காவிட்டாலும், மூக்கருகில் தடவிய கற்பூரமும் மென்தாலும் கைக்குழந்தைகளின் மூச்சுப்பாதையை இறுக்கி மூச்சைத் தடுமாறச் செய்யலாம். இதனால்தான் கற்பூரம், மென்தால் சேர்ந்த நெஞ்சுத் தைலங்களை இரண்டு வயதுக்குள் பயன்படுத்தக் கூடாது என்று அவற்றின் அட்டையிலேயே அச்சிடுகிறார்கள். உங்கள் பிள்ளைக்கு ஒன்றரை வயதுதான். நெஞ்சிலும் வேண்டாம், தலையணையிலும் வேண்டாம், தொட்டிலில் கற்பூரத்தை மூட்டையாகக் கட்டித் தொங்கவிடவும் வேண்டாம். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்தும் போதிய நீர் ஆகாரமும் தாய்ப்பாலும் போதும். மூச்சு வேகமாக வாங்கினால், பால் குடிக்க மறுத்தால், நெஞ்சு உள்வாங்கினால் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

மூத்த பெண்ணுக்கும் முகத்தில் தடவாதீர்கள். சூடான நீரில் தைலம் விட்டு ஆவி பிடிப்பதைப் பற்றியும் ஒரு சொல். நம் சிறிய கூடங்களில் கொதிநீர்ப் பாத்திரத்தைத் தரையில் வைத்துப் போர்வைக்குள் குழந்தையை உட்கார வைக்கும்போது, பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோவதே அந்த முறையின் முதல் ஆபத்து. ஆஸ்துமா உள்ளவருக்கு யூகலிப்டஸ் ஆவியே இருமலையும் இறைப்பையும் கிளப்பிவிடலாம்.

உடல் நலமுள்ள பெரியவர்கள், அதாவது நீங்களும் உங்கள் கணவரும், லாவெண்டரையோ டீ ட்ரீயையோ தோலில் பயன்படுத்த விரும்பினால் நேரடியாகத் தடவாமல் தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ கலந்துதான் தடவ வேண்டும். 30 மி.லி. தேங்காய் எண்ணெயில் 6 சொட்டு விட்டால் ஏறக்குறைய ஒரு விழுக்காடு. 12 சொட்டு விட்டால் இரண்டு விழுக்காடு. அதற்கு மேல் போகத் தேவையில்லை. கலந்த எண்ணெயை முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள்; சிவப்போ அரிப்போ வந்தால் அந்த எண்ணெய் உங்களுக்கு ஒத்துவராது. குளிக்கும் வாளியில் சொட்டு விடும் பழக்கம் சிலரிடம் உண்டு. எண்ணெய் நீரில் கரையாது, மேலே மிதந்து தோலில் அப்படியே ஒட்டும். எரிச்சல் வருவது அதனால்தான். எரிச்சல் தொடங்கினால் முதலில் வெறும் தேங்காய் எண்ணெயால் துடைத்தெடுத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பழத்தோலைப் பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெய், பெர்கமாட் எண்ணெய் போன்றவற்றைத் தடவிக்கொண்டு அடுத்த 12 மணி நேரம் வெயிலில் போகக் கூடாது. நம் ஊர் வெயிலுக்குத் தோல் கருகியது போல் ஆகிவிடும். உங்களிடம் உள்ள எலுமிச்சைப்புல் வேறு செடி, அதற்கு அந்தக் குணம் இல்லை. ஆனால் அதுவும் தோலைக் கடுமையாக உறுத்தும், ஆதலால் மிகக் குறைவாகவே கலக்க வேண்டும்.

டீ ட்ரீ, எலுமிச்சை வகை எண்ணெய்கள் காற்றும் வெப்பமும் பட்டால் பழையதாகி, முன்பு ஒத்துக்கொண்ட தோலிலேயே ஒவ்வாமையை உண்டாக்கும். தகரக் கூரைக்கு அடியில் வைத்தால் இன்னும் விரைவாகக் கெடும். வாங்கிய தேதியைப் பாட்டிலின் மேல் எழுதி வையுங்கள்.

மறுமொழி 2: மின்சாதனம் பழுதுபார்ப்பவர், வியாசர்பாடி

கொசுவிரட்டி மெஷினைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். அந்தக் காணொளிகளை நம்பி எண்ணெய் ஊற்றிய மெஷின்கள் பழுதுபார்க்க வருகின்றன. திரி கருகி, பிளாஸ்டிக் இளகி, பிளக் முனைகளில் பிசுக்கு ஏறியிருக்கும்.

அந்த மெஷினுக்குள் இருக்கும் சிறு சூடேற்றி, நிறுவனம் தரும் திரவத்துக்கும் திரிக்கும் ஏற்ப அமைக்கப்பட்டது. யூகலிப்டஸ் தைலத்தின் ஆவி சுமார் 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். இந்த வகையில் அது மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய பொருள். கற்பூரம் எப்படி எரியும் என்று சொல்லவே வேண்டியதில்லை. இரண்டையும் கலந்து, இரவெல்லாம் சூடாகிக்கொண்டிருக்கும் ஒரு பொருளின் மேல், அதுவும் திரைச்சீலைக்கும் மெத்தைக்கும் பக்கத்தில் உள்ள சுவிட்ச் பெட்டியில் செருகிவிட்டுத் தூங்குவது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதை எண்ணிப் பாருங்கள். தளர்ந்துபோன சாக்கெட்டில் பொறி பறப்பது பழைய வீடுகளில் வழக்கம். தயவுசெய்து ஊற்றாதீர்கள். அகல் விளக்கிலும் தைலம் விட வேண்டாம்.

இன்னொரு காரணமும் உண்டு. பழைய பாட்டிலில் புதிய பொருளை ஊற்றி வைத்தால் உள்ளே இருப்பது என்னவென்று வீட்டில் உள்ள அடுத்தவருக்குத் தெரியாது. தண்ணீர் பாட்டிலிலோ மருந்து பாட்டிலிலோ மாற்றி ஊற்றுவதும் அப்படித்தான்.

கொசுவுக்கு எலுமிச்சைப்புல், சிட்ரோனெல்லா எண்ணெய்கள் ஓரளவு உதவும், ஆனால் தோலில் தடவினாலும் அவற்றின் வேகம் விரைவில் ஆவியாகிப் போய்விடும். டெங்கு பரவும் காலத்தில் அவற்றை மட்டும் நம்ப முடியாது. லெமன் யூகலிப்டஸ் சேர்ந்த கொசுவிரட்டிகளை மூன்று வயதுக்குள் தடவக் கூடாது என்பதும் உறுதியான விதி. குழந்தைக்குக் கொசுவலை கட்டுங்கள், சன்னலுக்கு வலை அடியுங்கள், மொட்டை மாடித் தொட்டியின் மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். கேப்டன் காட்டன் கால்வாய்க் கரையில் வாழும் எங்களுக்கு இவைதான் பயன்பட்டிருக்கின்றன.

மறுமொழி 3: எண்ணூர் குடியிருப்பாளர்

வணக்கம். முடை நாற்றத்தை மறைக்க டிஃப்யூசர் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி வடசென்னைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து யோசிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் பகுதியிலும் மணலியிலும் தொழிற்சாலை வாடை வரும் இரவுகளில் பல வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு டிஃப்யூசரைப் போடுகிறார்கள், அல்லது கைக்குட்டையில் யூகலிப்டஸ் தைலம் விட்டு மூக்கில் வைத்துக்கொள்கிறார்கள். நாற்றம் தாங்காமல் செய்வதுதான். நான் குறை கூறவில்லை. ஆனால் எண்ணெய் எந்த வாயுவையும் அகற்றுவதில்லை, அந்த வாயுவை நாம் உணராதபடி செய்துவிடுகிறது. 2023 டிசம்பர் 26 இரவு, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது தூங்கிக்கொண்டிருந்த மக்களை எழுப்பியது அந்தக் காட்டமான நெடிதான். அதை உணர்ந்துதான் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாகப் பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். அப்படிப்பட்ட ஓர் இரவில் மூடிய அறைக்குள் புதினாவும் யூகலிப்டஸும் நிறைந்திருந்தால், எழுந்திருக்க வேண்டிய நேரத்தில் சில நிமிடங்கள் வீணாகியிருக்கும்.

சமையல் எரிவாயுவுக்கும் இது பொருந்தும். எல்.பி.ஜி.க்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே அழுகிய முட்டைக்கோசு போன்ற நாற்றமுள்ள மெர்காப்டனைக் கலக்கிறார்கள். சமையலறையும் கூடமும் ஒன்றாக இருக்கும் நம் வீடுகளில் இரவெல்லாம் கடுமையான மணம் நிறைந்திருப்பது அந்த எச்சரிக்கையை மழுங்கடிக்கும். ஒரே மணத்தில் நெடுநேரம் இருந்தால் மூக்கும் உணர்விழந்துவிடும். அதனால்தான் மணம் குறைந்துவிட்டதாக எண்ணி மேலும் சொட்டு விடுகிறோம்.

மழைக்கால முடை நாற்றம் பெரும்பாலும் சுவரில் பூத்திருக்கும் பூஞ்சையிலிருந்து வருவது. ஆஸ்துமாவுக்கு அந்தப் பூஞ்சையும் எதிரி, அதன் மேல் தெளிக்கும் வாசனையும் எதிரி. அலமாரியைச் சுவரிலிருந்து சற்று நகர்த்தி, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வீட்டு உரிமையாளரிடம் சொல்லிக் குழாய்க் கசிவையோ சுவர் விரிசலையோ அடைக்கச் சொல்லுங்கள். வாடகை வீட்டில் அதைக் கேட்பது எளிதல்ல என்பது எனக்கும் தெரியும். மழை விடும் நேரத்திலாவது எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வைத்தால் நாற்றம் பாதி குறையும்.

தண்டையார்பேட்டை வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. விண்டர்கிரீன் பாட்டிலை இன்று காலையே தனியாக எடுத்து வைத்துவிட்டேன். மாமியாரிடமும் காரணத்தை விளக்கிச் சொன்னேன். ஊட்டித் தைலம் என்றால் நல்லதுதானே என்று முதலில் வருந்தினார், ஆஸ்பிரின் கணக்கைச் சொன்னதும் புரிந்துகொண்டார். மெஷினில் ஊற்றும் எண்ணத்தையும் கைவிட்டோம்.

இன்னும் மூன்று கேள்விகள். டிஃப்யூசரை அறவே பயன்படுத்தக் கூடாதா? என் பெண் வளர்க்கும் பூனைக்கு இவற்றால் கெடுதல் உண்டா? எல்லாக் கவனத்தையும் மீறிக் குழந்தை ஒரு பாட்டிலை வாயில் வைத்துவிட்டால் உடனே செய்ய வேண்டியது என்ன?

மறுமொழி 4: குழந்தைகள் பிரிவுச் செவிலியர், பழைய வண்ணாரப்பேட்டை

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன் அம்மா.

குழந்தை தைலத்தையோ கற்பூரத்தையோ விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் வந்தாலே புறப்பட்டுவிடுங்கள். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம், சில குழந்தைகளுக்கு ஓரிரு மணி நேரம் கழித்து வரலாம். கற்பூரத்தில் முன்னறிகுறி எதுவுமின்றி நேராக வலிப்பே வருவதும் உண்டு. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விரலை விடுவது, உப்புக் கரைசல், புளித்தண்ணீர் கொடுப்பது எல்லாம் நம் வீடுகளில் பெரியவர்கள் பதற்றத்தில் செய்பவை. ஆனால் மேலே வரும் எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரல் அழற்சி உண்டாகி, நஞ்சைவிடப் பெரிய சிக்கலாகிவிடும். பாலோ எண்ணெயோ கொடுக்க வேண்டாம். வாயில் ஒட்டியிருப்பதை ஈரத்துணியால் துடைத்து, உடையில் சிந்தியிருந்தால் கழற்றிவிட்டு, பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். பாட்டிலைப் பார்த்தால்தான் என்ன பொருள், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மருத்துவர்கள் கணிக்க முடியும்.

வழியில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை. 108-க்கு அழைக்கலாம். உங்களுக்கு அருகில் பழைய சிறைச்சாலை சாலையில் உள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் அவசரப் பிரிவு இரவும் பகலும் இயங்குகிறது. எழும்பூரில் குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. தில்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. இதைச் சமையலறைக் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டி வையுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் நல்ல நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நான் பணிக்காலத்தில் கண்டவரையில், குழந்தைகள் மேல் ஏறிப் பாட்டிலை எடுப்பது குறைவு; பெரியவர்கள் சளிக்காகத் தைலத்தை எடுத்துவிட்டுக் கட்டிலருகிலேயே வைத்துவிடும் இரவுகளில்தான் அதிகம் நடக்கிறது. இருமல் மருந்து என்று நினைத்துத் தைலத்தையே கரண்டியில் ஊற்றிக் கொடுத்துவிட்டு ஓடி வரும் தாய்மார்களும் உண்டு. தூக்கக் கலக்கத்தில், மங்கிய விளக்கில், ஒரே அளவுள்ள இரண்டு பாட்டில்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் யாருக்கும் நேரக்கூடியதுதான். குடிக்கும் மருந்துகள் இருக்கும் தட்டில் தைலத்தை வைக்கவே கூடாது. பூட்டுள்ள அலமாரியோ, பரணில் மூடிய டப்பாவோ, வேறிடமாக இருக்கட்டும். கற்பூரமும் பூசை அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்க வேண்டாம். வெள்ளைக் கட்டிகளைக் கற்கண்டு என்று எண்ணிக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். பச்சைக் கற்பூரமும் அப்படியே.

டிஃப்யூசரை உங்கள் வீட்டில் மாமியார் இருக்கும் நேரத்தில் போட வேண்டாம் என்பதே என் கருத்து. அவர் ஊருக்குப் போயிருக்கும் நாளில் விருப்பப்பட்டால், குழந்தை இல்லாத அறையில், சன்னலைத் திறந்து வைத்து, இரண்டு மூன்று சொட்டு லாவெண்டருடன் அரை மணி நேரம் ஓடவிட்டு நிறுத்திவிடுங்கள். யாருக்காவது தலைவலியோ தொண்டைக் கரகரப்போ தோன்றினால் உடனே நிறுத்துங்கள். வீட்டில் வலிப்பு நோய் உள்ள விருந்தினர் தங்கினால் யூகலிப்டஸ், கற்பூரம், ரோஸ்மேரி மணமே வேண்டாம்.

மறுமொழி 5: இராயபுரம் வாசகர்

பூனையைப் பற்றி: டீ ட்ரீ எண்ணெயைப் பூனையின் மேல் உண்ணிக்காகத் தடவவே கூடாது. இத்தகைய பொருள்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. நடுக்கம், தள்ளாட்டம், உமிழ்நீர் வடிதல் ஆகியவை வரும். டிஃப்யூசரின் துளிகள் அதன் உரோமத்தில் படிந்தாலும் நக்கி விழுங்கிவிடும். எனவே டிஃப்யூசர் ஓடும் அறையில் பூனையை அடைத்து வைக்காதீர்கள். உண்ணிக்குக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு மருந்து வாங்குங்கள், அதுவும் நாய்க்குரிய மருந்தாக இல்லாமல் பூனைக்குரியதாக இருக்க வேண்டும்.

தண்டையார்பேட்டை வாசகி

மிகவும் தெளிவாகிவிட்டது. விண்டர்கிரீன், யூகலிப்டஸ் இரண்டையும் வீட்டில் வைத்துக்கொள்ளப் போவதில்லை. கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றிவிடலாமா?

மறுமொழி 6: ஓய்வுபெற்ற மருந்தாளுநர், பெரம்பூர்

வேண்டாம் சகோதரி. ஊற்றினால் குழாய் வழியே அதன் ஆவி உங்கள் குளியலறைக்கே திரும்பி வரும்; கால்வாய் நீரில் உள்ள உயிர்களுக்கும் அது நஞ்சு. எண்ணெயை அதே பாட்டிலில் வைத்து மூடியை இறுக்கி, மேலே ஒட்டுநாடா சுற்றி, 'நச்சுத் தைலம்' என்று பெரிதாக எழுதி, மக்கும் குப்பையோடும் மக்காத குப்பையோடும் கலக்காமல் தனிப் பையில் கொடுங்கள். வாங்கிக்கொள்ளும் தூய்மைப் பணியாளரிடம் உள்ளே இருப்பது எளிதில் தீப்பற்றும் எண்ணெய் என்பதை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் வெறுங்கையால் குப்பையைப் பிரிக்கும் நாள்களும் உண்டு. அதுவரை பாட்டில் பரணிலேயே இருக்கட்டும், வாசலில் வைக்க வேண்டாம்.